ஐங்கோணம் ஏன் பொருந்தவில்லை?

அன்புள்ள அக்கா,

குயில்ட் எனும் ஒட்டுத்துணிப் போர்வை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, இங்கிலீஷ் பேப்பர் பீஸிங்கை, அதாவது காகித வடிவங்களின் மேல் துணியை மடித்துக் கையால் இணைக்கும் முறையை, வீட்டில் முயன்று பார்த்தேன். இதுவரை மெஷினில் சதுரங்களை மட்டும்தான் இணைத்திருக்கிறேன். இந்த முறை டிசைனும் நானே போட வேண்டும் என்று ஆசை. நடுவில் ஒரு ஐங்கோணம், சுற்றி ஐந்து என்று வரைந்து, வெட்டி, தைத்தேன். தைக்கத் தைக்க அது கிண்ணம் மாதிரி குழிந்துகொண்டே போகிறது. பூப்போட்ட துணிகளாகப் பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தேன். ஆனால் தள்ளி நின்று பார்த்தால் எந்த வடிவமும் தெரியவில்லை. முன்பக்கம் தையல் வேறு தெரிகிறது. கணக்கு வராதவர்களுக்கு டிசைன் சரிப்படாதோ? எல்லோரும் செய்கிற, நடுவில் ஒரு அறுகோணம் சுற்றி ஆறு என்ற அறுகோணப் பூவோடு நிறுத்திக்கொள்ளட்டுமா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

நிறுத்த வேண்டாம். உங்கள் கையில் குறை இல்லை. கிண்ணமாகக் குழிந்ததே நீங்கள் சரியாக வெட்டி, சரியாகத் தைத்திருக்கிறீர்கள் என்பதற்கு அத்தாட்சி. ஒழுங்கான, அதாவது எல்லாப் பக்கமும் எல்லா மூலையும் சமமான ஐங்கோணத்தின் ஒரு மூலை 108 டிகிரி. மூன்று மூலைகள் ஒரே புள்ளியில் கூடினால் 324. துணி தட்டையாகக் கிடக்க அங்கே 360 வேண்டும். மீதி 36 டிகிரிக்குத் துணியே இல்லை, அதனால்தான் குழிகிறது. இப்படியே 12 ஐங்கோணங்களைச் சேர்த்துக்கொண்டு போனால் முழுப் பந்தாகவே மூடிக்கொள்ளும்.

டிசைன் போட உட்காரும்போது முதலில் பார்க்க வேண்டியது மூலையை. அப்புறம் வெளிச்சமும் இருட்டும். நிறம் கடைசியில்தான். நம்மில் பெரும்பாலோர் நிறத்தில் ஆரம்பித்துவிடுகிறோம், துணி அவ்வளவு ஆசை காட்டுகிறது. நீங்கள் பயப்படுகிற கணக்கோ வெறும் கூட்டல்தான்: ஒரு புள்ளியில் சேரும் மூலைகளைக் கூட்டினால் 360 வர வேண்டும். ஒரே ஒழுங்கு வடிவத்தை வைத்து இடைவெளி இல்லாமல் நிரப்ப முடிவது மூன்றில் மட்டும்: சமபக்க முக்கோணம், சதுரம், அறுகோணம். ஆனால் கலந்து போட ஆரம்பித்தால் வாசல் திறந்துகொள்ளும். இரண்டு எண்கோணமும் ஒரு சதுரமும்: 135, 135, 90. ஒரு அறுகோணம், இரண்டு சதுரம், ஒரு முக்கோணம்: 120, 90, 90, 60. எல்லாவற்றுக்கும் பக்க நீளம் ஒன்றாக இருந்தால் போதும்.

இனி உங்கள் ஐங்கோணத்துக்கு வருகிறேன். வெளியே உள்ள ஐந்தையும் ஒன்றோடொன்று இணைத்த தையலை மட்டும் பிரித்துவிடுங்கள். ஐந்து இடைவெளிகளிலும் 36 டிகிரி கூர்முனை உள்ள ஒரு சாய்சதுரத்தை வையுங்கள். பக்க நீளம் ஐங்கோணத்துடையதேதான். மொத்தமும் தட்டையாகப் படியும். சாய்சதுரத்தின் விரிந்த மூலை 144. அதோடு பக்கத்து ஐங்கோணத்தின் 108 சேர்ந்தால் 252. மீதி 108, அதாவது இன்னொரு ஐங்கோணம் அப்படியே அந்த இடத்தில் உட்காரும். நீங்கள் ஆசைப்பட்ட டிசைன் தானாக வெளியே வளர ஆரம்பித்துவிடும். ஐங்கோணத்தையும் சாய்சதுரத்தையும் இப்படிச் சேர்த்து அடுக்குவதை ஆல்பிரெக்ட் டியூரர் என்ற ஜெர்மன் ஓவியர் 1525-இல் வெளியிட்ட வடிவியல் நூலிலேயே வரைந்து காட்டியிருக்கிறார். நல்ல துணை உங்களுக்கு.

வடிவம் தெரியவில்லை என்றீர்களே, அதற்குக் காரணம் பெரும்பாலும் எல்லாத் துணிகளும் நடுத்தர அடர்த்தியில், அதாவது வெளிராகவும் இல்லாமல் இருட்டாகவும் இல்லாமல், இருப்பதுதான். சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு எவ்வளவு வேறாகத் தெரிந்தாலும், அடர்த்தி ஒன்றானால் தூரத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். துணிகளை வரிசையாகப் பரப்பி, போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாக வந்தால் அந்த அடுக்கு வேலைக்கு ஆகாது. 60 டிகிரி சாய்சதுரம் மூன்றைச் சேர்த்தால் ஓர் அறுகோணம் வரும். மூன்றில் ஒன்று வெளிர், ஒன்று நடுத்தரம், ஒன்று அடர்த்தி என்று வைத்து, எல்லா அறுகோணங்களிலும் அடர்ந்தது ஒரே பக்கம் வருமாறு பார்த்துக்கொண்டால், தட்டைத் துணியில் பெட்டிகள் அடுக்கியது போலத் தெரியும். ஒரே ஒரு துண்டைத் திருப்பி வைத்தால் அந்தப் பெட்டி காணாமல் போய்விடும். அடர்த்தி மாறாதவரை நிறத்தை எப்படி மாற்றினாலும் பெட்டி அப்படியே நிற்கும். இதை ஒருமுறை காகிதத்தில் பென்சிலால் நிழலிட்டுப் பார்த்துவிட்டால் அடுத்து எந்த டிசைனையும் அதே கண்ணோடு பார்ப்பீர்கள்.

அளவில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு அங்குல அறுகோணம் என்றால் அதன் பக்கம்தான் ஒரு அங்குலம். முனைக்கு முனை 2 அங்குலம், எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நடுவே சுமார் 1.73. 60-க்கு 80 அங்குலப் போர்வைக்கு இந்த அறுகோணம் ஏறக்குறைய 1,850 வேண்டும். பக்கத்தை ஒன்றரை அங்குலம் ஆக்கினால் 820 போதும். பெரிய வேலைக்கு இறங்குமுன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். காகித வடிவங்களின் டெம்ப்ளேட்டை பிரிண்ட் எடுத்தால் 100 சதவீத அளவில் எடுத்து, ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். தாளுக்குள் அடங்கட்டும் என்று பிரிண்டர் தானாகச் சுருக்கிவிடும்.

அறுகோணப் பூ அழகுதான், நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் பேப்பர் பீஸிங் என்றாலே அதுதான் என்று நினைப்பது பெரிய இழப்பு. பிரிட்டனில் தேதி பொறித்த ஒட்டுவேலைகளில் இதுவரை தெரிந்ததில் மிகப் பழையது 1718-ஆம் ஆண்டின் ஒரு பட்டு விரிப்பு. அங்குள்ள குயில்ட் தைப்பவர்களின் சங்கமான குயில்டர்ஸ் கில்ட் அதைப் பாதுகாக்கிறது. காகிதத்தின் மேல் துணியை மடித்துத் தைத்த அதே முறைதான். அதில் மிருகங்கள், பறவைகள், பூக்கள், மனித உருவங்கள் எல்லாம் இருக்கின்றன. காகிதம் உள்ளே இருக்கும்வரை துணி குறுக்கே இழுபடாது, மூலை மழுங்காது. அதனால்தான் கையால் எந்தக் கோணத்தையும் துணிந்து தைக்க முடிகிறது. இரண்டு துண்டுகளுக்கு நடுவே மூன்றாவதைப் பொருத்தும் உள்மூலைகள் மெஷினில் தலைவேதனை தரும், இங்கே சாதாரணம். காகிதத்தைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டு தைத்துவிட்டுப் போகலாம்.

தையல் தெரிவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்: நூல் தடிமன், ஊசி ஆழமாக இறங்குவது, இறுக்கி இழுப்பது. 60-ஆம் எண் மெல்லிய நூல் எடுங்கள், ஊசி ஷார்ப்ஸ் எனும் கைத்தையல் வகையில் 10 அல்லது 11. இரண்டு துண்டுகளின் நல்ல பக்கங்களும் உள்ளே பார்க்கும்படி சேர்த்துப் பிடித்து, மடிப்பின் உச்சியில் ஓரிரண்டு இழைகளை மட்டும் எடுத்துச் சுற்றுத் தையல் போடுங்கள். ஊசி காகிதத்தில் குத்தினால் விரலுக்கே தெரியும். அப்படியானால் ஆழம் அதிகம். நூல் நிறம் இரண்டில் அடர்ந்த துணியை ஒட்டி இருக்கட்டும், இல்லாவிட்டால் சாம்பல். தையலுக்குக் கால் அங்குலத் துணி விடுவது வழக்கம். பழகும்வரை அதைவிடக் கொஞ்சம் தாராளமாக விடலாம்.

எல்லாப் பக்கமும் தைத்து முடிந்த துண்டின் காகிதத்தை அயர்ன் செய்த பிறகு எடுத்துவிட்டு, அதையே அடுத்த துண்டுக்குப் பயன்படுத்தலாம். ஓரத்தில் உள்ளவற்றை மட்டும் பார்டர் தைக்கும்வரை எடுக்காதீர்கள். எடுத்தால் மடிப்பு பிரிந்து விளிம்பு இழுத்துக்கொள்ளும். சாய்சதுரம் வைத்த பிறகு எப்படி வந்தது என்று எழுதுங்கள்.