வான் படிக்குத் தகடு: திருகோணமலையில் வெட்டி எடுப்பிக்கலாமா?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: இங்கிலாந்தில் வாங்கிய பழைய கேம்பர் வானின் இரண்டு வாசற்படியும் தேய்ந்து வழுக்குகிறது. ஆடியில் திருகோணமலையிலிருந்து அம்மா அப்பா வருகிறார்கள். இங்கே கூலி அதிகம் என்பதால், உப்புவெளியில் மாமாவின் வெல்டிங் கடையில் தகடு வெட்டிப் பெட்டிக்குள் கொண்டுவரச் சொல்லலாமா?

சொல்லலாம். ஆனால் எந்தத் தகடு, என்ன அளவு என்று நீங்கள் எழுதிக் கொடுக்காவிட்டால் மாமா லொறிப் படிக்குப் போடும் 3 மி.மீ. இரும்புச் செக்கர் பிளேட்டையே (மேலே புடைப்புள்ள தகடு) வெட்டித் தருவார். 50க்கு 25 செ.மீ. துண்டு ஒன்றே மூன்று கிலோ வரும். அதோடு இங்கே குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்க வீதிக்கு உப்புப் போடுவார்கள். சில்லு கிளப்பும் உப்புத் தண்ணீர் நேரே படியில்தான் அடிக்கும். நிலாவெளிக் கரையோர வீடுகளின் யன்னல் கம்பிக்கு நடப்பதே இதற்கும் நடக்கும்.

அலுமினியம் கேளுங்கள்: அடித்தகடு 2 மி.மீ., மேலே ஐந்து கோடு புடைத்த வகை. அதே அளவுத் துண்டு முக்கால் கிலோதான். 5754 என்ற கலவை கிடைத்தால் விடாதீர்கள், உப்பை நன்றாகத் தாங்கும். படியின் முன்விளிம்பை மூடி 25 மி.மீ. கீழே மடிந்து வரவேண்டும். கூரான மூலையில் வைத்துச் சுத்தியலால் அடித்து மடித்தால் வெளிப்பக்கம் வெடிக்கும். மடிப்பின் உள்வளைவு 4 மி.மீ. ஆவது இருக்கட்டும். வெட்டும்போது புடைப்பில்லாத பின்பக்கத்தால் வெட்டச் சொல்லுங்கள், அலகு துள்ளாது. மூலைகளை 10 மி.மீ. உருட்டி, விளிம்பெல்லாம் அரத்தால் ராவவேண்டும். சேலைக் கரை சிக்குவதும் கால்விரல் கிழிவதும் அந்த விளிம்பில்தான்.

அளவை வட்ஸ்அப்பில் எண்ணாக அனுப்பாதீர்கள். காட்போட் மட்டையைப் படியில் வைத்து வெட்டி, இரு பக்கமும் 3 மி.மீ. குறைத்து, மடிப்புக் கோட்டையும் கீறி, ஊருக்குப் போகும் யாரிடமாவது அந்த மட்டையையே கொடுத்துவிடுங்கள். பழைய வான்களில் இரண்டு படியும் ஒரே அளவாக இருக்காது, இரண்டுக்கும் தனித்தனி மட்டை வேண்டும். துளையை மட்டும் அங்கே போடவேண்டாம். அதை வானில் வைத்துப் பார்த்துத்தான் குறிக்கவேண்டும்.

தகடு வருமுன் பழைய பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிக் கீழே பாருங்கள். அங்கே கறள் இருந்தால் கம்பித் தூரிகையால் வெறும் இரும்பு தெரியத் தேய்த்து, பிரைமரும் பெயின்டும் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். கறளின் மேல் தகட்டை மூடினால் படி கண்ணுக்குத் தெரியாமல் உளுத்துப்போகும். அலுமினியமும் வெறும் இரும்பும் உப்புத் தண்ணீரில் தொட்டால் அரிபடுவது அலுமினியம்தான். வெள்ளைப் பொடி பூத்து அதுவே தகட்டைத் தூக்கிவிடும். இரண்டுக்கும் நடுவே பெயின்டும் பசையும் கட்டாயம்.

பசைக்கு சிக்காஃபிளெக்ஸ் 252 போன்ற பொலியூரித்தேன் போதும். தகட்டின் அடியைச் சாண்ட் பேப்பரால் உரசித் துடைத்து, 5 செ.மீ. இடைவெளியில் கோடு கோடாக இடுங்கள். இது காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும். முழுக்கப் பூசினால் நடுப்பகுதி நாட்கணக்காக இறுகாமல் கிடக்கும். பின்னாலும் பக்கங்களிலும் அடைத்து, முன்விளிம்பின் அடியில் இரண்டு இடத்தில் ஒரு செ.மீ. விடுங்கள். உள்ளே போன தண்ணீர் வெளியேற வழி வேண்டும்.

திருகாணி 4 மி.மீ. ஸ்டெயின்லெஸ், தகட்டில் துளை 4.5 மி.மீ., கீழே படியின் இரும்பில் ஆணி பிடிக்கும்படி அதைவிடச் சிறியது. ஒவ்வொன்றின் கழுத்திலும் இரண்டு உலோகமும் நேரே தொடாமல் தடுக்கும் டியூரலாக் போன்ற பசை கொஞ்சம் பூசுங்கள். 2 மி.மீ. தகட்டில் குழித்தலை ஆணி முழுதாக அமராது, மேலே நீட்டி நிற்கும். ஆகவே தட்டைக் குமிழ்த்தலை ஆணி எடுத்து, கால் படாத பின்மூலைகளிலும் முன்மடிப்பின் செங்குத்து முகத்திலும் மட்டும் போடுங்கள். துளையிடும்போது ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டால் அலுமினியம் அலகில் ஒட்டாது. இரும்புத் தூளை உடனே உறிஞ்சி எடுங்கள், ஒரே மழையில் பழுப்புப் புள்ளியாகிவிடும். துளையின் உள்விளிம்புக்கும் பெயின்ட் வேண்டும். ட்ரில்லைப் பிடிக்குமுன் படிக்கு அடியில் குனிந்து பாருங்கள். இழுகதவின் கீழ்த் தண்டவாளமும் வயரும் அங்கே போகலாம், ஆணி நுனி தட்டினால் கதவு நின்றுவிடும்.

கீழ்ப்படி மடிந்து உள்ளே போகிற வகையென்றால், ரொட்டிக்குக் குழைத்த மாவில் ஓர் உருண்டையைப் படிமேல் வைத்து மடித்துப் பாருங்கள். நசிந்த மாவின் தடிப்புத்தான் உங்களுக்குள்ள இடம். தகடு, புடைப்பு, பசை எல்லாம் சேர்ந்து 6 மி.மீ. வரும். அதைவிடக் குறைவென்றால் அந்தப் படிக்குத் தகட்டை மறந்துவிட்டு வழுக்காமல் இருக்க ஒட்டும் பட்டி (ஒட்டுப்பட்டி) மட்டும் போடுங்கள்.

ஒட்டுப்பட்டி தகடு போட்ட மேல் படிக்கும் வேண்டும். நனைந்த அலுமினியத் தகடு, கோடு புடைத்திருந்தாலும் வழுக்கும். நம்மவர்கள் சப்பாத்தை வெளியே கழற்றிவிட்டு வெறுங்காலோடோ சொக்ஸோடோதான் ஏறுவார்கள். கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் ஈரத்தரையில் நடந்து பழகிய காலென்றாலும் ஈர உலோகம் வேறு. முன்விளிம்பில் 5 செ.மீ. அகலப் பட்டி, மணல் பதித்தது வேண்டாம், அது பாதத்தை உரசும். ரப்பர் போன்ற மெத்தென்ற வகையை எடுங்கள். அது ஒட்டும் இடத்தில் புடைப்புக் கோடுகள் இருந்தால் ஓரம் கிளம்பும் என்பதால், முன்பக்கம் 6 செ.மீ. புடைப்பில்லாத தகடாக வரும்படி வேறு தகட்டை மடித்து இணைக்க முடியுமா என்று மாமாவிடம் கேளுங்கள். முடியாதென்றால் ரப்பர் பதித்த அலுமினிய விளிம்புப் பட்டை இங்கே கடைகளில் வெட்டி வாங்கலாம். மாமாவிடம் அந்த அளவைக் கழித்துத் தகட்டைச் சொல்லுங்கள், அப்போது மடிப்பும் தேவையில்லை.