வால்யூம் ஏற்றினால் என் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் வால்வ் கிட்டார் ஆம்பின் பாஸ் கொழகொழக்கிறதே, எப்படி இறுக்குவது?

முதலில் ப்ரீஆம்பைப் (கிட்டார் சிக்னலை முதலில் பெருக்கும் பகுதி) பாருங்கள். அதன் முதல் வால்வின் கேத்தோடில் (வால்வின் இணைப்பு முனைகளில் ஒன்று) 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டருக்கு இணையாக 25 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று இருக்கும். அது கிட்டாரின் தடித்த ஆறாவது கம்பிக்கும் (82 ஹெர்ட்ஸ்) முழு கெயின் (பெருக்கம்) கொடுத்துவிடுகிறது. அத்தனை பாஸும் போய்ப் பின்னால் உள்ள வால்வுகளைத் திணறடிக்கிறது. கொழகொழப்பு அங்கேதான் ஆரம்பம்.

அதைக் கழற்றிவிட்டு 0.68 மைக்ரோஃபாரட் போடுங்கள். மார்ஷல் ஆம்புகளில் பார்க்கிற அதே மதிப்புதான். சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே கெயின் படிப்படியாக இறங்கி, கடைசியில் 6 டெசிபல் வரை குறையும். ட்ரெபிள் அப்படியே இருக்கும். ரொம்ப மெலிந்துவிட்டதா? 2.2 அல்லது 4.7 போட்டுப் பாருங்கள். சில ரூபாய்ச் செலவு, பிடிக்காவிட்டால் பழையதையே திரும்ப வைத்துவிடலாம். என்னைக் கேட்டால், ஸ்பீக்கரை மாற்றுவதெல்லாம் அப்புறம்தான்.

ஒன்று மட்டும்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளையில் உள்ள ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேலும் தங்கியிருக்கலாம். ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் சுழியம் காட்டிய பிறகே கை வையுங்கள். பழக்கமில்லையென்றால் டெக்னீஷியனிடம் கொடுத்துவிடுங்கள்.