மின்சாரமும் ஊர்த்தொழிலும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாங்கள் ஜவ்வாது மலையைச் சேர்ந்த மகளிர் சுய உதவிக் குழுவினர். எங்கள் பக்கம் விளையும் சாமையை மூட்டையாகவே வியாபாரிகளுக்கு விற்றுவிடுகிறோம். 2 குதிரைத் திறன் மோட்டாரில் ஓடும் உமி நீக்கும் இயந்திரத்தைக் கடனில் வாங்கி, அரிசியாக்கி விற்க நினைக்கிறோம். கரண்ட் பில்லே எங்களை மூழ்கடித்துவிடும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். இறங்கலாமா? – ஒரு வாசகி, ஜமுனாமரத்தூர்

பதில்: இறங்கலாம். ஆனால் நீங்கள் கவலைப்பட வேண்டியது மின்கட்டணத்தைப் பற்றி அல்ல. 2 குதிரைத் திறன் என்பது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவாட். மோட்டாரில் வீணாகும் பங்கையும் சேர்த்தால், முழுச் சுமையில் மணிக்கு 1.8 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். நாளுக்கு 4 மணி நேரம் ஓட்டினால் 7 யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று கூட்டியே போட்டாலும் நாள் செலவு 50 ரூபாய்தான். மணிக்கு 100 கிலோ உடைக்கும் இயந்திரமாக இருந்தால், கிலோவுக்கு 13 காசுக்கு மேல் மின்சாரத்துக்குப் போகாது.

கடன் தவணைதான் பெரிய செலவு. 2 லட்சம் ரூபாயை 11 சதவீத வட்டியில் 5 ஆண்டுக்கு வாங்கினால், இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் ஏறத்தாழ 4,350 ரூபாய் கட்டியாக வேண்டும். மாதம் 100 மணி நேரம் ஓடினால் அது கிலோவுக்கு 44 காசு. அறுவடையை ஒட்டி இரண்டு மாதம் மட்டும் ஓடி, மீதிப் பத்து மாதம் சாக்குப் போர்த்திக் கிடந்தால், அதே தவணை கிலோவுக்கு 2 ரூபாய் 60 காசாகிவிடும். ஆகவே இயந்திரத்தின் விலையை விசாரிக்கும் முன்பே, ஆண்டு முழுவதும் அதற்கு எத்தனை மணி நேர வேலை கொடுக்க முடியும் என்பதைக் குழுவாக உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். மாதம் 100 மணி நேரம் என்றால் 10 டன் தானியம் வேண்டும். ஒரே ஊரின் விளைச்சல் அதற்குக் காணாது என்பது என் கணிப்பு. அக்கம்பக்கத்து ஊர்களின் மூட்டைகளைக் கூலிக்கு உடைத்துக் கொடுக்கவும், ஓய்வு நாட்களில் கேழ்வரகு அரைக்கத் தனியாக ஒரு மாவு இயந்திரம் வைக்கவும் இப்போதே திட்டமிடுங்கள்.

இதில் சாமையின் இயல்பே உங்களுக்குத் துணையாக இருக்கிறது. உமியோடு நன்றாகக் காய வைத்துக் கட்டிய சாமை பல மாதங்கள் கெடாது. உமி நீக்கிய அரிசியோ, தவிட்டில் எண்ணெய்ப்பசை இருப்பதால், வெகுநாள் இருந்தால் சிக்கு வாடை அடித்துவிடும். எனவே அறுவடை முடிந்த கையோடு எல்லாவற்றையும் உடைத்துக் குவிக்காமல், ஆர்டர் வர வர உடைத்தால் அரிசியும் புதிதாக இருக்கும், இயந்திரத்துக்கும் ஆண்டு முழுக்க வேலை இருக்கும். 100 கிலோ சாமையில் 60 முதல் 65 கிலோ அரிசி கிடைக்கும் என்பதைக் கொண்டு விலையைக் கணக்கிடுங்கள். கல் பிரிக்கும் சாதனத்தையும் சேர்த்தே வாங்குங்கள். ஒரு கல் பல்லில் பட்டாலும் நகரத்து வாடிக்கையாளர் மறுமுறை வரமாட்டார்.

மின் இணைப்பை வீட்டு இணைப்பிலிருந்து இழுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக்கு வாங்கிய மின்சாரத்தில் தொழில் நடத்துவது, 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடு. அதற்குரிய கட்டணம் இரு மடங்காகக் கணக்கிடப்படும். கிணற்றுக்கு உள்ள இலவச விவசாய இணைப்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். குடிசைத் தொழில், குறுந்தொழில்களுக்கென்று 12 கிலோவாட் வரை 3-ஏ-1 என்ற கட்டண வகை இருக்கிறது; சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவைக் கட்டணமின்றிச் செய்துகொண்டு, அந்த வகையில் புதிய இணைப்பு வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே தெளிவாக எழுதுங்கள். வணிக வகையில் இணைப்புக் கொடுத்துவிட்ட பிறகு மாற்றக் கேட்டு அலைவதைவிட இது எளிது.

கடனுக்கு, 2020இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான திட்டம் இப்போதும் நடப்பில் இருக்கிறதா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். அதன் விதிப்படி திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை கடனோடு இணைந்த மானியம் உண்டு. மானியம் கிடைக்கிறது என்பதற்காகத் தேவைக்கு மேல் பெரிய இயந்திரத்தை விற்பனையாளர் தள்ளிவிடப் பார்ப்பார். அதற்கு மட்டும் தயவுசெய்து இடம் கொடுக்காதீர்கள். உரலிலும் திருகையிலும் மணிக்கணக்கில் தோள் நோக உழைத்து இந்த அரிசியை உண்டாக்கியவர்கள் நீங்கள். அந்த உழைப்பை மோட்டாருக்கு மாற்றுவதன் பலன் உங்கள் கையில்தான் நிற்க வேண்டும், கடனில் கரைந்துவிடக் கூடாது.

கேள்வி: எங்கள் ஊரில் மாவு மில் வைத்திருக்கிறேன். மாலையில் வோல்டேஜ் மிகவும் குறைந்துவிடுகிறது. மோட்டாரின் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) அடிக்கடி கருகுகிறது. ரீவைண்டிங் செலவிலேயே வருமானம் போய்விடுகிறது. என்ன செய்வது? – ஒரு வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: மின்னழுத்தம் 20 சதவீதம் குறைந்தால் மோட்டாரின் இழுவிசை 20 சதவீதம் மட்டும் குறைவதில்லை, மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடுகிறது. கல்லுக்குள் தானியம் அப்படியேதான் இருப்பதால், மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு திணறும். காயில் சூடேறிக் கருகுவது அதனால்தான். மும்முனையில் ஒரு முனை அறுந்துபோய், மீதி இரண்டில் மோட்டார் ஓட முயன்றாலும் இதே கதிதான். ஆகவே ஸ்டார்ட்டரில், மின்னோட்டம் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் மிகைச்சுமை ரிலே மோட்டாரின் அளவுக்குச் சரியாக அமைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முனை தவறினால் தானாக நிறுத்தும் தடுப்பானையும் பொருத்துங்கள். ஒருமுறை ரீவைண்டிங் செய்யும் செலவைவிட இவை மலிவு. அடுத்து, மீட்டரிலிருந்து மோட்டார் வரை வரும் கேபிள் மெலிதாக இருந்தால் மாற்றிவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் அழுத்தம் குறைந்தால், குறை வெளியில் இருக்கிறது. ஊர் எல்லையில் உள்ள மின்மாற்றியிலிருந்து நீண்ட தூரம் இழுத்த கம்பியின் கடைசியில் உங்கள் மில் இருக்கக்கூடும். ஒரு வாரத்துக்கு எந்த நேரத்தில் எத்தனை வோல்ட் என்று நோட்டில் குறித்து, அதை இணைத்துப் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரிடம் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மின்வாரியத்தின் நுகர்வோர் சேவை மையமான மின்னகத்திலும் புகாரைப் பதிவு செய்யுங்கள். நடவடிக்கை இல்லையென்றால், மின் பகிர்மான வட்டத்தில் உள்ள நுகர்வோர் குறைதீர்ப்பு மன்றத்தை நாட உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதுவரை, வாடிக்கையாளர்களைக் காலையில் வரச் சொல்லிப் பழக்குங்கள்.

கேள்வி: இதெல்லாம் எதற்கு, சூரியத் தகடுகளை மாட்டி மில்லை ஓட்டிவிட முடியாதா? – ஒரு வாசகர், தருமபுரி

பதில்: முடியும். நம் ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் தகடு நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். முதல் கேள்வியில் சொன்ன 7 யூனிட்டுக்கு 2 கிலோவாட் போதும் என்று தோன்றும். ஆனால் மோட்டார் கிளம்பும்போது வழக்கமான மின்னோட்டத்தைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும் என்பதால், மெதுவாக வேகம் கூட்டும் டிரைவும், 3 கிலோவாட் அளவுக்குத் தகடும் வேண்டியிருக்கும். பகலில் வெயில் உள்ள நேரத்தில் மட்டும் ஓட்டி, பேட்டரியைத் தவிர்த்தால் செலவு கட்டுப்படும். கம்பி எட்டாத மலைக்கிராமத்துக்கு இது நல்ல வழி. உங்கள் ஊரில் மும்முனை மின்சாரம் நிலையாக வருமானால், முதலில் அந்த இணைப்பிலேயே தொழிலைத் தொடங்கி, வாடிக்கை நிலைத்த பின் தகடுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.