நேத்து சக்சஸை வச்சு இன்னைக்கு ஓடுற ஜாப்

வணக்கம் அண்ணா. பேட்ச் சப்போர்ட்ல இருக்கேன், ஆட்டோசிஸ், ஜாப்னு சொல்ற ப்ரோக்ராம்களை நேரம் பாத்து வரிசையா ஓட்டுற சாஃப்ட்வேர். ஃபைல் லோட் ஜாப் சக்சஸ் ஆனாதான் எங்க ரிப்போர்ட் ஜாப் ஓடும். லீவு நாள்ல ஃபைல் வராது, லோட் ஃபெயில், ரிப்போர்ட் நிக்குதுன்னு ராத்திரி எனக்கு போன். கண்டிஷன்ல சக்சஸை எடுத்துட்டு டன்-னு போட்டுடுன்னு லீட் சொல்றார். போடலாமா? இதே வேலை செய்யற இன்னொரு சாஃப்ட்வேர் கண்ட்ரோல்-எம்-ல இந்த தலைவலியே இல்லைங்கறாங்களே, நிஜமா?

தம்பி, போடாதே. டன்னா சக்சஸ், ஃபெயில்யர், டெர்மினேட் எது வந்தாலும் சரின்னு அர்த்தம், ஃபைலே வராதப்ப ரிப்போர்ட் ஓடி என்னத்தை காட்டப் போகுது? டெம்ப் டேபிளை துடைக்கிற ஜாப், லாக் அள்ளி வைக்கிற ஜாப், இதுக்கெல்லாம் டன் போட்டுக்கோ. உன் லீட் கேக்குறது தூக்கம், பாவம் அவரும் மனுசன்தான், அதுக்குன்னு தூக்கத்தை கொண்டுபோய் கண்டிஷன் வரியில எழுதுவாங்களா?

லீவு நாள்ல ஜாப் ஓடாம தடுக்க எக்ஸ்க்ளூட் காலண்டர் இருக்கு, லோடுக்கு போடு, முடிஞ்சுது. முடிஞ்சுதுன்னு நினைப்ப, அங்கதான் நான் ரொம்ப நாளா பொருமிக்கிட்டு இருக்கற விஷயம் வருது. லோட் அன்னைக்கு ஓடாது சரி, ஆனா அதோட பழைய ஸ்டேட்டஸ் எங்க போகும்? எங்கயும் போகாது, அடுத்த தடவை ஓடுற வரைக்கும் டேட்டாபேஸ்ல எஸ்யூ-ன்னே, அதாவது சக்சஸ்னே நிக்கும், ரிப்போர்ட் தன் நேரம் வந்ததும் அதைப் பாத்துட்டு ஆகா சக்சஸ்னு கிளம்பிடும். நேத்து டோக்கனை நீட்டி இன்னைக்கு ரேஷன் வாங்குற கதை. ஆட்டோசிஸை வச்சிருந்த பிளாட்டினம் கம்பெனியை 1999-ல சிஏ கம்பெனி வாங்குச்சு, 2018-ல சிஏவையே பிராட்காம் வாங்கிடுச்சு, ஓனர் மாறினாங்களே தவிர இந்த டீஃபால்ட் மாறல.

ஒரு பேங்க் பேட்ச்ல இதை கண்ணால பாத்தேன். ராத்திரி 2 மணிக்கு வட்டி போடுற ஜாப், கண்டிஷன் ரேட் லோட் சக்சஸ். அன்னைக்கு ரேட் ஃபைல் லேட்டு, லோட் கிளம்பவே இல்ல, ஆனா 2 அடிச்சதும் வட்டி ஜாப் கிளம்பி நேத்து ரேட்டை வச்சு எல்லா கணக்குக்கும் போட்டு முடிச்சு பச்சையா நிக்குது. அலாரம் இல்ல, போன் இல்ல, எல்லாரும் நல்லா தூங்கினாங்க. காலையில ஜாப் நிலவரம் காட்டுற ஆட்டோரெப் கமாண்டை போட்டா லோடுக்கு நேரா எஸ்யூ, அதே வரியில லாஸ்ட் ஸ்டார்ட்ல நேத்து தேதி, பட்டவர்த்தனமா. எஸ்யூ-வைத்தான் பாப்பாங்க, தேதியை எவன் படிக்கிறான்?

அதுக்குத்தான் லுக்பேக். கண்டிஷன்ல ஜாப் பேருக்குப் பக்கத்துல ஒரு கமா, ஒரு நம்பர், அவ்வளவுதான் வேலை. 12.00-ன்னா கடைசி 12 மணி நேரத்துக்குள்ள வந்த சக்சஸ் மட்டும் செல்லும். 0-ன்னா, இந்த ஜாப் போன தடவை ஓடினதுக்கு அப்புறம் வந்த சக்சஸ்தான் செல்லும், வெள்ளிக்கு அப்புறம் திங்கள்தான் ஓடும்ங்கற ஜாப்புக்கு மணிக்கணக்கு பாக்கறதைவிட இது தேவலாம். அப்படியே ரிப்போர்ட்டுக்கும் அதே காலண்டரை போட்டுடு, இல்லைனா லீவு அன்னைக்கு பூரா காத்துக்கிட்டு கிடக்கும்.

காலண்டர் போட சோம்பேறித்தனப்பட்டு லோடை ஓடாம ஒதுக்கி வைக்கிற ஆன் ஐஸ்ல வைக்கலாமான்னு மட்டும் அடுத்த கடிதம் எழுதாதே, ஐஸ்ல வச்சா அந்த கண்டிஷன் நிறைவேறிடுச்சுன்னே எடுத்துக்கிட்டு கீழ உள்ளது ஓடும், கீழ உள்ளதும் நிக்கணும்னா ஹோல்டு.

கண்ட்ரோல்-எம்-ல கண்டிஷனோட ஓடேட், அதாவது எந்த நாளோட வேலைங்கற தேதி, ஒட்டிக்கிட்டு வரும், வாஸ்தவம்தான், அதுக்காக கம்பெனியை மாத்தச் சொல்லவா போற? ஆட்டோரெப் மைனஸ் கியூ போட்டு ஜில்லை, அதாவது ஜாப்பை எழுதி வச்சிருக்கற வரிகளை எடு, லுக்பேக் இல்லாத கண்டிஷன் வரியெல்லாம் பொறுக்கி லீடுக்கு மெயில் பண்ணு, பகல்லயே பண்ணு.