நீதிமானாக்கப்பட்ட பிறகும் விழுந்தால்? – கேள்வி பதில்

வேப்பேரியில் நடக்கும் எங்கள் வேதபாட வகுப்பில் சீட்டில் எழுதித் தந்த கேள்விகள் இவை. பெயர்களை விட்டுவிட்டேன்.

ஐயா, ஞானஸ்நானம் எடுத்து எட்டு வருஷமாகக் குடியைத் தொடவில்லை. போன மாதம் குடித்துவிட்டேன். இரட்சிப்பு போய்விட்டதா? (பெரம்பூர்)

தம்பி, நீதிமானாக்கப்படுதலும் பரிசுத்தமாக்கப்படுதலும் உங்கள் மனதில் ஒன்றாகக் கலந்துவிட்டன. முன்னது தீர்ப்பு. கிறிஸ்துவின் நீதியை உங்கள் கணக்கில் எண்ணி, ‘இவன் நீதிமான்’ என்று தேவன் சொல்வது. அதில் பாதி, முக்கால் என்று கிடையாது. பின்னது பரிசுத்த ஆவியானவர் உங்களுக்குள் செய்கிற வேலை. சாகும்வரை நடக்கும், அதில் ஏற்றமும் உண்டு, சறுக்கலும் உண்டு. நீங்களோ சறுக்கலைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பைத் திருத்தி எழுதுகிறீர்கள். அந்த அதிகாரம் உங்களுக்கு இல்லை. மூன்று தரம் மறுதலித்த பேதுருவுக்காகக் கரையில் கரிநெருப்பு போட்டு, மீன் சுட்டுக் காத்திருந்தவர்தானே நம் ஆண்டவர்?

ஒன்றை மறைக்க மாட்டேன். இரட்சிப்பை இழக்க முடியுமா என்பதில் சபைகளுக்குள் ஒருமனம் இல்லை. தேவன் பிடித்தவரை விடமாட்டார் என்பது சீர்திருத்தவாதி கால்வின் வழி. விசுவாசத்தையே உதறினால் இழக்கலாம் என்பது மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியின் வழி. 1947 செப்டம்பர் 27 அன்று நம் செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை (சிஎஸ்ஐ) பிறந்தபோது இந்த இரு மரபினரும் ஆங்கிலிக்கரோடு ஒரே சபையானார்கள். மனங்கசந்து அழுகிறவனை இரண்டு மரபுமே தள்ளாது. வீட்டில் உண்மையைச் சொல்லுங்கள், டாக்டரையும் பாருங்கள். அதுவும் பரிசுத்தமாகுதலின் பாதைதான்.

நான் சிஎஸ்ஐ. கல்யாணமாகிப் போன வீடு கத்தோலிக்கம். அவர்கள் நற்கிரியையால் மீட்பு என்றுதானே நம்புகிறார்கள்? (சாந்தோம்)

இல்லை அம்மா. ஏற்புடையவராகும் (நாம் நீதிமானாக்கப்படுதல் என்பது) அருளை விசுவாசமோ கிரியையோ முன்கூட்டிச் சம்பாதிப்பதில்லை என்று 1547-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கமே சொல்லியிருக்கிறது. வித்தியாசம் வேறிடத்தில். நாம் தீர்ப்பையும் வளர்ச்சியையும் பிரித்துப் பேசுகிறோம். அவர்கள் உள்ளம் புதுப்பிக்கப்படுவதையும் சேர்த்தே ‘ஏற்புடையவராதல்’ என்கிறார்கள். ஆகவே அதில் வளரலாம், சாவான பாவத்தால் இழக்கலாம், ஒப்புரவு அருட்சாதனத்தால் (பாவசங்கீர்த்தனம்) திரும்பப் பெறலாம். 1999 அக்டோபர் 31-இல் ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் இதன் அடிப்படைகளில் உடன்பட்டுக் கையெழுத்திட்டன. மெதடிஸ்டுகள் 2006-இல் சேர்ந்தார்கள். மாமியாரோடு வாதாட வேண்டாம், எபேசியர் இரண்டாம் அதிகாரத்தைச் சேர்ந்து வாசியுங்கள்.

விசுவாசத்தால் நீதிமான் என்று பவுல் சொல்ல, கிரியையாலும் என்று யாக்கோபு வேறு சொல்கிறாரே?

இருவரும் ஆபிரகாமைத்தான் காட்டுகிறார்கள். பவுல் ஊன்றி நிற்பது ஆதியாகமம் 15-இல்: அவன் விசுவாசித்தான், நீதியாக எண்ணப்பட்டது. யாக்கோபு 22-ஆம் அதிகாரத்துக்கும் போகிறார்: ஈசாக்கைப் பீடத்தில் வைத்தான். இடையில் பல வருஷம். அந்த விசுவாசம் உயிரோடிருந்ததா என்றுதான் யாக்கோபு கேட்கிறார்.

அந்நியபாஷை (ஆவியின் ஏவுதலால் பேசும் அறியாத மொழி) பேசாதவருக்கு இரட்சிப்பு இல்லையாமே?

தவறு. பெந்தெகொஸ்தே போதகர்களிலும் பெரும்பாலோர் அப்படிச் சொல்வதில்லை. ஆவியின் அபிஷேகத்துக்கு அடையாளம் என்பார்கள். 1 கொரிந்தியர் 12:30 பாருங்கள், ‘எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?’ என்று பவுலே கேட்கிறார்.

அண்ணன் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நாள் எண்ணுகிறார்கள். இப்போதுதான் இயேசுவைக் கேட்கிறார். பரிசுத்தமாக அவருக்கு நேரம் ஏது?

சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு ஞானஸ்நானம் இல்லை, காணிக்கை இல்லை. ‘என்னை நினைத்தருளும்’ என்ற ஜெபம் மட்டும். ‘இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்’ என்றார் ஆண்டவர். ஆனாலும் அந்தக் கொஞ்ச நேரத்திலேயே அவன் தன் குற்றத்தை ஒத்துக்கொண்டான், பக்கத்துக் கள்ளனைக் கடிந்துகொண்டான். பரிசுத்தமாகுதல் தளிர் விட்டுவிட்டது. லூக்கா 23-ஐ எடுத்துக்கொண்டு இன்று மாலையே போங்கள் அம்மா. பார்வை நேரம் முடிவதற்குள் மெதுவாக வாசித்துக் காட்டுங்கள்.