பழைய பிஎல்சி மாத்துறதுக்கு முன்னாடி என்ன ப்ளான் பண்ணணும்? – கேள்வி பதில்

கே: அண்ணே, எங்க ப்ளான்ட்ல ஆலன் பிராட்லி பிஎல்சி-5 (மெஷின்கள ஓட்டுற கன்ட்ரோலர்) இன்னும் நல்லாத்தான் ஓடுது. ஏன் மாத்தணும்னு மேனேஜ்மென்ட் கேக்குது, என்ன சொல்ல?

ஆலன் பிராட்லி பிராண்ட வச்சிருக்கற ராக்வெல் கம்பெனி 2017லயே அத நிறுத்திட்டாங்க தம்பி. இப்ப கிடைக்கிறது ரிப்பேர் பண்ண பழைய கார்டுதான். ப்ராசஸர் போனா எத்தன நாள் ப்ரொடக்‌ஷன் நிக்கும், நாளுக்கு எவ்ளோ நஷ்டம்னு கணக்கோட போங்க. பழசாயிடுச்சு சார்னு மட்டும் சொன்னா பணம் வராது.

கே: எந்த பிராண்ட் எடுக்கலாம் சார்?

அது அப்புறம் சார், முதல்ல ஐஓ லிஸ்ட், அதாவது பிஎல்சிக்கு உள்ள வர்ற, வெளிய போற எல்லா சிக்னலோட பட்டியல். ட்ராயிங்க நம்பி உக்காராதீங்க, பேனல திறந்து வயர் நுனில இருக்கற ஒவ்வொரு ஃபெரூல் நம்பரா பாருங்க, ட்ராயிங்ல ஸ்பேர்னு போட்ட சேனல்ல வயர் இருக்கும், எப்பவோ யாரோ குறுக்க போட்ட ஜம்பர் வயர் இருக்கும். அப்புறம் லேப்டாப்ப பிஎல்சில மாட்டி ஆன்லைன் போய் ஃபோர்ஸ் (நிஜ சிக்னல் எதுவா இருந்தாலும் ஆன் இல்ல ஆஃப்னு கையால பிடிச்சு வைக்கிறது) எதெல்லாம் போட்டிருக்குன்னு எழுதுங்க. ஒரு லெவல் ஸ்விட்ச் கெட்டுப்போயி வருஷக்கணக்கா ஃபோர்ஸ்லயே கிடக்கும், புது சிஸ்டத்துக்கு அந்த ஃபோர்ஸ் வராது, ஸ்டார்ட் பண்ணதும் பம்ப் ட்ரிப் ஆகும், அன்னிக்கு ராத்திரி எல்லாரும் லாஜிக்க திட்டுவாங்க. ரிட்டயர் ஆகப்போற ஆபரேட்டர் இருந்தா இப்பவே பக்கத்துல உக்காந்து கேட்டு எழுதிக்கோங்க, இந்த வேலைக்கு ரெண்டு மாசம் கேட்டாலும் குடுக்கலாம்.

கே: ப்ரோகிராம மாத்திக் குடுக்கற கன்வெர்ஷன் டூல் போட்டா பழைய லாஜிக் புது கன்ட்ரோலருக்கு தானா வந்துடுமாமே?

நிறைய வரும், எல்லாம் வராது. பிஎல்சி-5ல ஐஓ அட்ரஸ் ஆக்டல், அதாவது 8, 9 இல்லாத எண், 07க்கு அடுத்தது 10. ராக்வெல்லோட புது கன்ட்ரோலரான கன்ட்ரோல்லாஜிக்ஸ்ல டெசிமல், அதனால பழைய 10வது பிட் அங்க 8வது. டெம்பரேச்சர், பிரஷர் மாதிரி அனலாக் அளவு பிளாக் ட்ரான்ஸ்ஃபர்ல (கார்டுக்கும் ப்ராசஸருக்கும் நடுவுல மொத்தமா டேட்டா போய் வர்ற முறை) வர்ற இடத்தையெல்லாம் கையால எழுதுறதா வச்சே மேன்-அவர் போடுங்க.

கே: ஷட்டவுன் நாலே நாள்தான் தர்றாங்க ணா.

இத முதல் மீட்டிங்லயே கேக்கணும்மா, டிசைனே இதுலதான் இருக்கு. பிஎல்சி-5ஓட பழைய 1771 ஐஓ கார்டுல ஃபீல்டு வயர் மாட்டியிருக்கற ஸ்விங் ஆர்ம வயரோட கழட்டி அப்படியே மாட்டுற கன்வெர்ஷன் மாட்யூல் இருக்கு, ஃபீல்டு வயர அவுக்கவே வேணாம். ஆனா புது சேசிஸ் (கார்டு மாட்டுற கூடு) அதுக்கு மேல உக்காரும், பேனல் ஆழத்த இப்பவே அளங்க, கதவு மூடணும்ல. வயர தொடலன்னு லூப் செக்க (ஃபீல்டு கருவிலேருந்து ஸ்க்ரீன் வரைக்கும் ஒவ்வொரு சிக்னலா சோதிக்கிறது) விட்றாதீங்க. எந்த மணிக்குள்ள சரியாகலன்னா பழசுக்கே திரும்புறதுன்னும் எழுதி ப்ரொடக்‌ஷன்கிட்ட கையெழுத்து வாங்குங்க.

கே: ஆபரேட்டர் பாக்குற ஸ்க்ரீன் கம்ப்யூட்டர் (எச்எம்ஐ) இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி. அதையும் சேத்து மாத்தலாமா?

எக்ஸ்பிக்கு சப்போர்ட் 2014லயே முடிஞ்சுது, மாத்தியே ஆகணும். முடிஞ்சா கன்ட்ரோலருக்கு முன்னாடியே எச்எம்ஐய மாத்திடுங்க, ஆபரேட்டருக்கு ஸ்க்ரீன் பழகிடும், புது கன்ட்ரோலருக்கு மாறுற கட்ஓவர் அன்னிக்கு ஒரு தலைவலி குறையும்.