மச்சானிடம் பேட்டரியைக் கொடுக்காதீர்கள்

அன்புள்ள அண்ணாச்சி,

அப்பாவின் அம்பாசிடர், மார்க் 4, பெட்ரோல். 2011-ல் அப்பா படுக்கையில் விழுந்த வாரம் ஷெட்டில் ஏற்றினோம், அப்புறம் யாரும் தொடவில்லை. வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம். அடுத்த மாதம் அப்பாவுக்குத் திதி. அன்றைக்கு ஒரு தடவையாவது வண்டிச் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்கிறார் அம்மா. புது பேட்டரி போட்டு செல்ஃப் அடித்தால் எடுத்துவிடும் என்கிறான் மச்சான். அடிக்கலாமா?

வாசகர், குளச்சல்

அன்புள்ள தம்பி,

அடிக்கக் கூடாது. பேட்டரியை இப்போதைக்கு வாங்கவே வேண்டாம், வாங்கி வைத்தால் மச்சான் கை சும்மா இருக்காது.

பட்டவன் சொல்கிறேன். நாகர்கோவிலில் எங்கள் வீட்டு பத்மினி கார் ஏழு வருடம் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் இப்படித்தான் புது பேட்டரியோடு போய் உட்கார்ந்தேன். செல்ஃப் ஒரு முனகு முனகியது, 'டக்'கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வால்வு ஒன்று ஒட்டிப்போயிருக்க, அதைத் தள்ள வந்த புஷ் ராடு வில்லாக வளைந்துவிட்டது. அந்த ராடு இப்போது என் மேசையில் காகிதங்களுக்கு மேல் கிடக்கிறது. வளைந்ததில் ஒரு லாபம், உருண்டு கீழே விழாது.

நாலு சிலிண்டர் என்ஜின் எந்த நிலையில் நின்றாலும் ஏதாவது ஒரு சிலிண்டரின் வால்வு திறந்துதான் இருக்கும். சைலன்ஸர் வழியாகவோ கார்புரேட்டர் வழியாகவோ ஈரக்காற்று அதற்குள் போகும். நம் மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை, உங்களுக்கு உப்புக்காற்று வேறு. மற்ற மூன்றும் பளபளவென்று இருக்கும்போதே அந்த ஒன்றில் ரிங்கும் (பிஸ்டனைச் சுற்றிய வளையம்) போரும் (சிலிண்டரின் உள்சுவர்) துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் செல்ஃபைப் போட்டு இழுத்தால் ரிங் உடையும், போரில் கோடு விழும்.

முதலில் நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். டீசலும் என்ஜின் ஆயிலும் சரிபாதி கலந்து ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் இரண்டு மூன்று ஸ்பூன் விடுங்கள். மறுநாள் பாருங்கள், இறங்கியிருந்தால் இன்னும் கொஞ்சம். ஒரு வாரம் இதுதான் வேலை. அப்புறம் டிக்கியில் கிடக்கும், என்ஜினைக் கையால் சுற்றும் ஹேண்டிலைத் தேடி எடுங்கள் (அம்பாசிடர்காரனுக்கு இது ஒரு வரம்). அதை மாட்டி ஒரு விரற்கடையாவது அசைகிறதா என்று மெல்ல அழுத்திப் பாருங்கள், பைப்பைச் செருகி நீட்டித் தொங்காதீர்கள். பெருவிரலும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும், பின்னால் பிளக் மாட்டிச் சுற்றும் நாளில் ஹேண்டில் திருப்பி அடித்தால் கை பிழைக்கும்.

அசைந்துவிட்டால் என்ஜின் மேலே வால்வுகளை மூடியிருக்கும் டேப்பெட் கவரைத் திறந்து வைத்துக்கொண்டு சுற்றுங்கள். எட்டு வால்வும் இறங்கி ஏற வேண்டும். இறங்கினது ஏறாமல் நின்றால் சுற்றுவதை நிறுத்திவிட்டு, எண்ணெய் விட்டு மரக்கட்டையால் லேசாகத் தட்ட வேண்டும். சுற்றும்போது பிளக் ஓட்டைகளைத் துணியால் மூடுங்கள். இரண்டாம் தடவை நான் மூடாமல் குனிந்து பார்க்க, துருவும் டீசலும் கலந்து மூஞ்சி முழுக்க அடித்தது. "எட்டிப் பாக்காதீங்கன்னு சொன்னேம்லா" என்றார் வண்டியைப் பார்த்த மெக்கானிக் மேசிரி, சிரிப்பை அடக்காமல்.

என்ஜின் தடையில்லாமல் சுற்றினால் பழைய ஆயிலை வடித்துப் புது ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்பி, அப்புறம் பேட்டரி. பிளக் இல்லாமலே விட்டுவிட்டு செல்ஃப் அடித்து ஆயில் பிரஷர் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏறின பிறகுதான் பிளக்.

டாங்க்கில் கிடக்கும் பெட்ரோல் இப்போது பெட்ரோல் இல்லை, மோந்து பாருங்கள், வார்னிஷ் வாசம் வரும். அதை கார்புரேட்டர் பக்கமே விடாதீர்கள். ஒரு பாட்டிலில் புது பெட்ரோலை ஊற்றி, குளுக்கோஸ் ஏற்றுகிற மாதிரி உயரத்தில் கட்டி, டியூப் வழியாக நேரே கார்புரேட்டருக்கு விட்டால் முதல் நாளுக்குப் போதும். ரோட்டில் ஓட்டுவதாக இருந்தால் டாங்க்கை இறக்கிக் கழுவ வேண்டும், ரப்பர் ஹோஸ்களையும் பெட்ரோல் பம்ப் டயஃப்ரத்தையும் மாற்ற வேண்டும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, பழைய ரப்பருக்கும் அதற்கும் ஆகாது. ஸ்பார்க் வரவில்லை என்றால் உடனே காயிலைக் குறை சொல்லாமல் பாயிண்டை (டிஸ்டிரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனை) பாருங்கள். இத்தனை வருடத்தில் பூத்துப்போயிருக்கும், மெல்லிய எமரியால் தேய்த்து 0.015 இன்ச் இடைவெளி வைத்தால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும்.

சத்தம் வந்த சந்தோஷத்தில் பீச் ரோட்டுக்கு எடுத்துப் போய்விடாதீர்கள். பிரேக்கின் வீல் சிலிண்டர்களும் அதே உப்புக்காற்றில்தான் நின்றன, பதிவையும் புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

மூன்று வாரம் ஊறியும் அசையவில்லை என்றால் என்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். அப்படி ஆனால் இந்தத் திதிக்கு நடக்காது, அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். நடந்துவிட்டால், சிலிண்டரில் விட்ட எண்ணெய் எரிந்து தீரும்வரை ஷெட் முழுக்கப் புகை நிற்கும், சைலன்ஸரிலிருந்து துருவும் கரியும் எலி சேர்த்து வைத்ததும் பறந்து வரும். அன்றைக்கு வெள்ளை வேட்டியோடு யாரையும் வண்டிக்குப் பின்னால் நிற்க விடாதீர்கள். அம்மாவுக்கு வாசல் பக்கம் ஒரு நாற்காலி போடுங்கள்.